அமைப்பு அழைப்புகளை வழுநீக்கியால் இடைமறித்து நோக்கல்: தமிழ்க் கோப்புப் பெயர்ச் சிக்கல் ஒன்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கோப்பைத் திறத்தல், படித்தல், எழுதுதல் ஆகிய எதனையும் ஒரு நிரல் தானே செய்துகொள்வதில்லை. இயங்குதளத்தின் கருனியிடம் (கெர்னல்) அது வேண்டுகோள் விடுக்கிறது. அவ்வேண்டுகோளே அமைப்பு அழைப்பு (சிஸ்டம் கால்) எனப்படும். அவ்வழைப்பு நிகழும் கணத்தில் நிரலை நிறுத்தி, என்ன கேட்கப்பட்டது, என்ன விடை கிடைத்தது என்பதை வழுநீக்கியின் துணையால் பார்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. லினக்ஸ் இயங்குதளமும் ஜிடிபி என்னும் வழுநீக்கியும் களமாகக் கொள்ளப்படுகின்றன. சங்க நூல் தரவகம் ஒன்றில் நான்கு நூல்கள் ஓசையின்றி விடுபட்டதும் அதன் காரணம் கண்டறியப்பட்டதும் சான்றாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: வழுநீக்கி, அமைப்பு அழைப்பு, கருனி, பதிவகம், ஒருங்குறி, தரவகம், கோப்புப் பெயர்

முன்னுரை

பதினெண்மேற்கணக்கு நூல்கள் பதினெட்டும் தொல்காப்பியமும் சேர்ந்த 19 உரைக்கோப்புகளிலிருந்து சொல்லடைவு ஒன்றை உருவாக்கும் பைத்தான் நிரலைக் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நிரல் பிழைச்செய்தி எதுவும் தராமல் ஓடி முடிந்தது. அதன் விளைவுகளை அட்டவணையாக்கி ஓர் இயலும் எழுதப்பட்டது. அட்டவணையைப் பார்த்த நெறியாளர், கலிப்பாவுக்குரிய அடி ஒன்றுகூட அடைவில் இல்லையே என்று கேட்ட பிறகே குறை வெளிப்பட்டது. கலித்தொகை முழுவதும் இல்லை. தேடிப் பார்த்தபோது குறுந்தொகை, பொருநராற்றுப்படை, தொல்காப்பியம் ஆகியனவும் இல்லை. குறுந்தொகையின் 401 பாடல்களும் கலித்தொகையின் 150 பாடல்களும் பொருநராற்றுப்படையின் 248 அடிகளும் இல்லாத ஒரு சங்க இலக்கியச் சொல்லடைவின்மீது ஓர் இயல் கட்டப்பட்டிருந்தது.

நான்கு கோப்புகளும் அடைவில் (ஃபோல்டர்) கண்ணெதிரே இருந்தன. பெயர்ப்பட்டியலில் எழுத்துப்பிழை இல்லை. நிரலின் தருக்கத்திலும் குறை காணப்படவில்லை. கோப்பு கிடைக்காவிட்டால் அதனை விடுத்து அடுத்ததற்குச் செல்க என்ற ஒரு வரி மட்டும் அதில் இருந்தது. தரவக நிரல்கள் பலவற்றில் இவ்வரி வழக்கமாக இடம்பெறுவதுண்டு. நிரலின் மூலத்தைப் படித்து இச்சிக்கலுக்கு விடை காண இயலவில்லை. நிரல் கருனியிடம் உண்மையில் எதைக் கேட்டது என்பதையே பார்க்க வேண்டியிருந்தது.

சொல்வழக்கு குறித்து ஒரு குறிப்பு. ‘டீபக்கர்’ என்பதற்குப் பிழைதிருத்தி என்ற சொல்லும் வழங்குகிறது. ஆயினும் தமிழ்க் கணிமையில் அச்சொல் எழுத்துப்பிழை, சந்திப்பிழைகளைத் திருத்தும் மென்பொருளையே பெரிதும் குறிப்பதால், இங்கு வழுநீக்கி என்பது ஆளப்படுகிறது. கட்டளைகளும் பதிவகப் பெயர்களும் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன. கணினியில் அவற்றை அவற்றிற்குரிய மூல எழுத்துகளிலேயே உள்ளிட வேண்டும்.

அமைப்பு அழைப்பின் அமைப்பு

64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் இயங்கும் லினக்ஸில், நிரல் தன் வேண்டுகோளுக்குரிய எண்ணை ஆர்ஏஎக்ஸ் என்னும் பதிவகத்தில் இடுகிறது. படித்தலுக்கு (ரீட்) 0, எழுதுதலுக்கு (ரைட்) 1, கோப்பைத் திறக்கும் ‘ஓபன்அட்’ அழைப்புக்கு 257 என எண்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. வேண்டுகோளின் உறுப்புகள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் ஆறு பதிவகங்கள் வரை நிரப்பப்படுகின்றன. பின்னர் ‘சிஸ்கால்’ என்ற ஒரே ஆணை நிறைவேற, கட்டுப்பாடு கருனிக்குச் செல்கிறது. விடை மீண்டும் ஆர்ஏஎக்ஸ் பதிவகத்திலேயே வந்து சேரும். அது -1 முதல் -4095 வரையிலான எண்ணாக இருந்தால் வேண்டுகோள் மறுக்கப்பட்டது என்று பொருள். -2 என்பது அப்பெயரில் கோப்பு இல்லை என்பதையும், -13 என்பது அனுமதி இல்லை என்பதையும் குறிக்கும்.

இவ்வெண்கள் செயலிக்குச் செயலி மாறுபடும். கைப்பேசிகளிலும் புதிய மடிக்கணினிகள் சிலவற்றிலும் உள்ள 64 பிட் ஆர்ம் செயலியில் அழைப்பெண் எக்ஸ்8 பதிவகத்தில் அமைகிறது. அங்கு ஓபன்அட் அழைப்பின் எண் 56. ஆகவே பிறர் தந்த குறிப்புகளைப் பின்பற்றுவோர் முதலில் தம் கணினியின் செயலியை அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நிரல் மற்றொரு நிரலை நிறுத்தி அதன் பதிவகங்களையும் நினைவகத்தையும் பார்ப்பதற்குக் கருனியின் இசைவு தேவை. அவ்விசைவைத் தருவது ‘பிட்ரேஸ்’ என்னும் அழைப்பு. 1975ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலேயே அது இடம்பெற்றுவிட்டது. பிற அழைப்புகளைக் கண்காணிக்க உதவும் பிட்ரேஸும் ஓர் அமைப்பு அழைப்பே. லினக்ஸில் ஜிடிபியும், அழைப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ கருவியும் இதனையே அடித்தளமாகக் கொண்டுள்ளன. எஸ்ட்ரேஸ் ஒவ்வோர் அழைப்பையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டே செல்லும். நிரல் நிற்காது. ஜிடிபியோ நாம் குறித்த அழைப்பில் நிரலை நிறுத்தி, நாம் விரும்பும் வரை காத்திருக்கும். எவ்விடத்தில் சிக்கல் என்று அறியாத நிலையில் எஸ்ட்ரேஸ் விரைவானது. இடம் தெரிந்து, பைட்டுகளை நுணுகிப் பார்க்க வேண்டிய நிலையில் வழுநீக்கியே ஏற்றது.

இடைமறிக்கும் முறை

ஜிடிபியில் ‘கேட்ச் சிஸ்கால்’ என்ற கட்டளையுடன் அழைப்பின் பெயரைச் சேர்த்துத் தந்தால் போதும். இவ்வசதி 2009இல் வெளிவந்த ஜிடிபி 7.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. பெயர் எதுவும் தராவிடில் எல்லா அழைப்புகளிலும் நிரல் நின்றுவிடும்.

தொடக்கத்தில் கட்டுரையாளர் ‘ஓபன்’ என்ற அழைப்பைக் குறித்துக் காத்திருந்தார். ஒருமுறைகூட நிரல் நிற்கவில்லை. கோப்புகளே திறக்கப்படவில்லையோ என்று எண்ணும்படி ஆயிற்று. ஜிலிப்சி 2.26ஆம் பதிப்பு முதல், ‘ஓபன்’ என்று நிரலில் எழுதினாலும் நூலகம் ‘ஓபன்அட்’ அழைப்பையே கருனிக்கு அனுப்புகிறது. நிரலில் எழுதப்பட்ட பெயரும் கருனிக்குச் சென்று சேரும் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ளலாகாது.

மற்றொரு இடர், பைத்தான் தன் தொடக்கத்திலேயே பல கோப்புகளைத் திறப்பது. அவை ஒவ்வொன்றிலும் நிரல் நின்றால் தேவையானதை அடைவதற்குள் சலிப்பு ஏற்படும். எனவே நிரலின் முதல் வரியில் ‘என்டர்’ விசைக்குக் காத்திருக்குமாறு ஓர் ஆணை சேர்க்கப்பட்டது. நிரல் காத்திருக்கும்போது வேறொரு முனையத்திலிருந்து அதன் செயலாக்க எண்ணைத் தந்து ‘அட்டாச்’ கட்டளை வழியாக ஜிடிபி இணைக்கப்பட்டது. உபுண்டு போன்ற வழங்கல்களில் இவ்விணைப்பு முதலில் மறுக்கப்படும். ‘யாமா’ என்னும் பாதுகாப்புக் கூறு, தான் தொடங்கிவைத்த செயலாக்கத்தை மட்டுமே ஒரு நிரல் கண்காணிக்கலாம் என்று வரையறுப்பதே காரணம். ஒருவரது உலாவியின் கடவுச்சொற்களை அவரது கணக்கிலேயே இயங்கும் வேறு நிரல் படித்துவிடாதிருக்க இக்கட்டுப்பாடு வேண்டும். அதனை நிலையாக நீக்கிவிடுமாறு கூறும் அறிவுரைகளைப் பின்பற்றாமல், அந்த ஒரு முறைக்கு மட்டும் ‘சூடோ’ வழியாக ஜிடிபியை இயக்குவதே முறை.

இணைத்தபின் என்டர் விசையை அழுத்தியதும் முதல் நிறுத்தம் வந்தது. ஒவ்வோர் அழைப்புக்கும் ஜிடிபி இருமுறை நிற்கும். கருனிக்குள் புகும்போது ஒருமுறை, விடையுடன் திரும்பும்போது மற்றொருமுறை. 19 கோப்புகளுக்கு 38 நிறுத்தங்கள்.

இங்குப் புதியவர் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. புகும்போதுள்ள நிறுத்தத்தில் ஆர்ஏஎக்ஸ் பதிவகத்தைப் பார்த்தால் 257 இராது, -38 இருக்கும். -38 என்பதற்கு ‘இவ்வழைப்பு செயற்படுத்தப்படவில்லை’ என்று பிழைப்பட்டியல் பொருள் கூறும். இதனைக் கண்டு கருனியே இவ்வழைப்பை அறியாது போலும் என்று முடிவு செய்துவிடக்கூடும். உண்மையில் கருனி வேலையைத் தொடங்கும் முன் ஆர்ஏஎக்ஸ் பதிவகத்தில் இம்மதிப்பை இட்டுவைக்கிறது. வேலை முடிந்தபின் மெய்யான விடை அதன்மேல் எழுதப்படும். அழைப்பெண்ணோ ‘ஒரிஜ் ஆர்ஏஎக்ஸ்’ என்ற தனியிடத்தில் காக்கப்பட்டிருக்கும். அதனை அச்சிட்டால் 257 கிடைக்கும். முதல் உறுப்பான ஆர்டிஐ பதிவகம் 4294967196 என்று காட்டியதும் இத்தகையதே. அதனை 32 பிட் குறியுள்ள எண்ணாகக் கொண்டால் -100 ஆகும். நடப்பு அடைவிலிருந்து தேடுக என்பது அதன் பொருள். எண்ணைப் பார்ப்பதோடு அமையாமல், அதனை எவ்வகை எண்ணாகப் படிக்க வேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இரண்டாம் உறுப்பான ஆர்எஸ்ஐ பதிவகத்தில் பெயர் தொடங்கும் நினைவக முகவரி உள்ளது. அவ்விடத்தைச் சரமாகக் காட்டுமாறு கேட்டால் ‘நற்றிணை’ என்று தமிழிலேயே திரையில் தோன்றியது. திரும்பும் நிறுத்தத்தில் ஆர்ஏஎக்ஸ் பதிவகம் 3 என்றது. கோப்பு திறக்கப்பட்டு, அதற்கு 3 என்ற கைப்பிடி எண் தரப்பட்டது. ஒவ்வொரு கோப்பும் படித்து முடிந்தவுடன் மூடப்பட்டதால், அடுத்ததற்கும் அதே 3 கிடைத்தது. குறுந்தொகையில் மட்டும் விடை -2. கலித்தொகை, பொருநராற்றுப்படை, தொல்காப்பியம் ஆகியவற்றிலும் -2. ஏனைய பதினைந்தும் 3. நான்கு பெயர்களையும் அருகருகே எழுதியபோதுதான் ஒற்றுமை புலப்பட்டது. நான்கிலும் ஒகர உயிர்மெய் உள்ளது. ஏனைய பதினைந்து பெயர்களில் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ ஏறிய எழுத்து ஒன்றுகூட இல்லை.

பைட்டுகள் காட்டிய வேறுபாடு

சரமாகக் காட்டாமல் பைட்டுகளை எட்டடிமான எண்களாகக் காட்டுமாறு ஜிடிபியிடம் கேட்டபோது, ‘தொல்காப்பியம்’ என்பதன் தொடக்கம் 340 256 244 340 257 212 என்று வந்தது. யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட்டுகள். முதல் மூன்றும் தகரம். அடுத்த மூன்றும் ஒகரக் குறி. ஒருங்குறியின் பதின்ம எண்ணில் தகரம் 2980, ஒகரக் குறி 3018.

நிரல் கேட்டது இது. அடைவில் இருப்பது எது? அதனை அறியவும் இதே முறை பயன்பட்டது. அடைவுப் பட்டியலைக் காட்டும் ‘எல்எஸ்’ நிரலை ஜிடிபியில் ஓடவிட்டு, ‘கெட்டென்ட்ஸ்64’ என்னும் 217ஆம் எண் அழைப்பு இடைமறிக்கப்பட்டது. திரும்பும் நிறுத்தத்தில் ஆர்எஸ்ஐ காட்டும் நினைவகப் பகுதியில் கோப்புப் பெயர்களைக் கருனி வரிசையாக நிரப்பியிருக்கும். ஒவ்வொரு பதிவிலும் 8 பைட்டு ஐநோடு எண், 8 பைட்டு இடக்குறிப்பு, 2 பைட்டுப் பதிவு நீளம், 1 பைட்டுக் கோப்பு வகை ஆகிய 19 பைட்டுகளுக்குப் பின் பெயர் தொடங்குகிறது. தொல்காப்பியத்தின் பெயர் இங்கு 340 256 244 340 257 206 340 256 276 என்று தொடங்கியது. தகரத்தை அடுத்து ஒகரக் குறி இல்லை. எகரக் குறியும் (3014) கால் குறியும் (3006) தனித்தனியே இருந்தன.

ஒருங்குறித் தரப்பாட்டின்படி ஒகரக் குறியை ஒரே புள்ளியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்புக் குறியாகவும் காலாகவும் பிரித்து இரு புள்ளிகளாகவும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்று தரப்பாடு கூறுகிறது. திரையில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். ஆனால் ‘இஎக்ஸ்டி4’ போன்ற லினக்ஸ் கோப்புமுறைமைகள் பெயரை எழுத்தாகக் கொள்வதில்லை, பைட்டுத் தொடராகவே கொள்கின்றன. பின்னொட்டின் 4 பைட்டுகளும் சேர்ந்து நிரல் கேட்ட பெயர் 43 பைட்டுகள். வட்டில் இருந்த பெயர் 46 பைட்டுகள். பதிவு நீளம்கூட இதனைக் காட்டிக்கொடுத்தது. 43 பைட்டுப் பெயராயின் 64 இருந்திருக்க வேண்டிய இடத்தில் 72 இருந்தது. கருனியைப் பொறுத்தவரை இவை இரு வேறு பெயர்கள். அது தந்த -2 என்ற விடை முற்றிலும் சரியானது.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதும் தெளிவாயிற்று. கோப்புகள் நண்பர் ஒருவரின் பழைய மேக் கணினியிலிருந்து ‘ஜிப்’ பொதியாகப் பெறப்பட்டவை. மேக் கணினிகளில் நெடுங்காலம் வழங்கிய ‘எச்எஃப்எஸ் பிளஸ்’ கோப்புமுறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். பொதியை லினக்ஸில் விரித்தபோது பிரிந்த பெயர்கள் அப்படியே வந்தன. பெயர்ப்பட்டியலோ லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையால் தட்டச்சிடப்பட்டது. அதில் ஒகரக் குறி ஒரே புள்ளி.

இத்தகைய இழப்பு தற்செயலாகப் பரவியிருக்கும் இழப்பன்று என்பதை ஆய்வாளர்கள் கருத வேண்டும். நூலின் பெயரில் ஓர் உயிர்க்குறி இருக்கிறதா என்பதைப் பொறுத்து நூல் சேர்க்கப்படுகிறது அல்லது நீக்கப்படுகிறது. ‘தொகை’ என்று முடியும் தொகுப்பு நூல்களும் ‘கோவை’ என்று முடியும் சிற்றிலக்கியங்களும் முறையாக விடுபடும். ‘உலா’, ‘தூது’, ‘அந்தாதி’ என்று முடிவன பெயரின் முற்பகுதியில் இக்குறிகள் இல்லையெனில் தங்கிவிடும். இலக்கிய வகைமைகளை ஒப்பிடும் புள்ளியியல் ஆய்வில் இதைவிடப் பெரிய திரிபைக் கற்பனை செய்வது கடினம். அட்டவணையில் எந்தத் தடயமும் இராது.

கோப்புப் பெயரில் இருந்த சிக்கல் உள்ளடக்கத்திலும் உண்டா என்பது அடுத்த ஐயம். ‘ரீட்’ அழைப்பை இடைமறித்து, திரும்பும் நிறுத்தத்தில் ஆர்எஸ்ஐ காட்டும் இடத்தைப் பார்த்தபோது, உரையினுள் ஒகரக் குறி ஒரே புள்ளியாகவே இருந்தது. கோப்புமுறைமை பெயரைத்தான் மாற்றும், உள்ளடக்கத்தைத் தொடாது. ஒரே கோப்பின் பெயர் ஒரு வடிவிலும் அதன் உரை மற்றொரு வடிவிலும் இருந்தன.

முறையின் எல்லைகள்

வழுநீக்கியால் எல்லாவற்றையும் பார்த்துவிட இயலாது. நேரத்தைக் கேட்கும் அழைப்புகள் பெரும்பாலும் ‘விடிஎஸ்ஓ’ என்னும் பகுதி வழியாகக் கருனிக்குள் புகாமலேயே விடை பெறுகின்றன. அவை இடைமறிப்பில் சிக்கா. கோப்பை நினைவகத்தோடு இணைத்துப் படிக்கும் நிரல்களில், இணைக்கும் அழைப்பு மட்டுமே புலப்படும், ஒவ்வொரு படிப்பும் புலப்படாது. ஒரு செயலாக்கத்தை ஒரு நேரத்தில் ஒரே கண்காணிப்பாளர் மட்டுமே பற்றிக்கொள்ள முடியும் என்பதால், எஸ்ட்ரேஸ் இயங்கும்போது அதே நிரலில் ஜிடிபியை இணைக்க இயலாது. நிறுத்தங்கள் நிரலின் வேகத்தைப் பெரிதும் குறைப்பதால் நேர அளவை ஆய்வுகளுக்கு இம்முறை பொருந்தாது.

தமிழ்ப் பெயர்கள் தொடர்பாக இம்முறை வெளிக்காட்டும் வேறொரு விடை -36. பெயர் நீண்டுவிட்டது என்பது அதன் பொருள். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டலாகாது. தமிழில் அது 85 குறியீட்டுப் புள்ளிகள். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், கட்டுரைத் தலைப்பை முழுமையாகக் கோப்புப் பெயராக வைக்கும் வழக்கமுடையோர் இவ்வெல்லையை எளிதில் எட்டிவிடுவர்.

திருத்தமும் எஞ்சிய சிக்கலும்

பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ கூறில் உள்ள இயல்பாக்கச் செயற்கூறைக் கொண்டு அடைவிலிருந்த பெயர்கள் அனைத்தும் ஒருங்கிணைந்த வடிவுக்கு மாற்றப்பட்டன. கோப்பு கிடைக்காவிட்டால் விடுத்துச் செல்லும் வரி நீக்கப்பட்டு, நிரல் அங்கேயே நின்றுவிடுமாறு செய்யப்பட்டது. இயலின் அட்டவணைகள் அனைத்தும் மீண்டும் தயாரிக்கப்பட்டன. முந்தையவற்றில் ஒன்றுகூட அப்படியே நிற்கவில்லை.

பின்னர் அதே நிரலைப் பிற்கால நூல்களுக்கும் விரித்தபோது மீண்டும் ஒரு -2 எழுந்தது. கேட்கப்பட்ட பெயர் ‘ஔவையார்’ என்று தொடங்கியது, பைட்டுகள் 340 256 224. அடைவில் இருந்த பெயர் 340 256 222 340 256 263, அதாவது ஒகரமும் ளகரமும். தட்டச்சில் ஔகாரத்துக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடும் பழக்கம் பலரிடம் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்குறித் தரப்பாடு நிகரானவையாகக் கொள்வதில்லை, கொள்ளவும் இயலாது. ‘ஒளி’ என்ற சொல்லில் ஒகரமும் ளகரமும் உண்மையாகவே அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே இயல்பாக்கச் செயற்கூறு இங்குக் கைகொடுக்கவில்லை. ஒகரமும் ளகரமுமாகத் தொடங்கும் பெயர்கள் தனியே பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கப்பட்டன. ‘ஒளவையார்’ என்றிருந்தது மாற்றப்பட்டது. ‘ஒளியியல்’ என்றிருந்தது அவ்வாறே விடப்பட்டது.